உங்களுக்குத் தெரியுமா? – கொண்டாட்ட இரவும் குடிபோதை அடிதடியும்

பிறந்தநாள், வழியனுப்பு விழா, புத்தாண்டு, சம்பள நாள் என்று நண்பர்கள் கூடி வெளியே போகும் இரவுகள் பெரும்பாலும் சிரிப்போடுதான் முடிகின்றன. சில மட்டும் மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் முடிகின்றன. அந்தச் சில இரவுகளைப் பல நாடுகளில் மருத்துவர்களும் போலீஸாரும் ஆய்வாளர்களும் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதைத் தெரிந்துகொண்டால் தப்பிக்க வழி இருக்கிறது. குடிக்காமல் கூடப் போகிறவர்களும் வீட்டில் விழித்திருப்பவர்களும்கூட இதைப் படிக்க வேண்டும்.

● ஒரே ஒரு குத்தில் ஆள் இறந்துபோவது உண்டு. அப்படி இறப்பவர்களில் பலரைக் கொல்வது குத்து அல்ல, தரை.

2012 ஜூலை 7, ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் கிங்ஸ் கிராஸ் பகுதி. மதுக்கூடங்களும் இரவு விடுதிகளும் நெருக்கியடித்து நிற்கும் இடம். 18 வயது இளைஞர் ஒருவர் அங்கே நடந்து வந்துகொண்டிருந்தார். முன்பின் தெரியாத ஒருவன் முகத்தில் குத்தினான். இளைஞரின் தலை நடைபாதையில் மோதியது. இரண்டு நாளில் உயிர் போய்விட்டது. முன்விரோதம் எதுவும் இல்லை. 2013 டிசம்பர் 31 இரவு, அதே கிங்ஸ் கிராஸில் இன்னொரு 18 வயது இளைஞர் அதே விதமாக அடிபட்டு, சில நாட்களில் இறந்தார்.

நிதானமாக இருப்பவர் தடுக்கி விழுந்தால் கை தானாக முன்னே நீளும், கழுத்துத் தசை இறுகித் தலையைத் தாங்கும். எதிர்பாராத அடியில் நினைவு தப்பியவருக்கு இரண்டுமே நடக்காது. குடித்திருந்தால் இன்னும் மோசம். நின்ற உயரத்திலிருந்து தலை நேராகச் சிமென்ட் தரையிலோ நடைபாதை விளிம்பிலோ போய் மோதும். ‘ஒரு தட்டுதானே தட்டினேன்’ என்று சொல்பவனுக்கு இந்தக் கணக்கு தெரியாது.

அந்த இரு மரணங்களுக்குப் பிறகு நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2014-ல் சட்டம் கொண்டுவந்தது. போதையில் ஒருவரை அடித்து அவர் இறந்தால், குறைந்தது 8 ஆண்டு, அதிகபட்சம் 25 ஆண்டு சிறை.

● தலையில் அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து பேசிவிட்டார் என்பதால் ஆபத்து விலகிவிட்டது என்று பொருளில்லை.

மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் இடையே ரத்தம் மெல்லக் கசியும்போது, முதலில் கொஞ்ச நேரம் தெளிவாக இருப்பார். பிறகு தூக்கம் தூக்கமாக வருகிறது என்பார். ‘போதை தலைக்கேறிடுச்சு, தூங்கட்டும் விடு’ என்று நண்பர்கள் போர்வை போர்த்திவிட்டுப் போகிறார்கள். காலையில் அவர் எழுவதில்லை. மயக்கம், குழறல், தள்ளாட்டம், வாந்தி இவையெல்லாம் குடிபோதைக்கும் உண்டு, மூளைக் காயத்துக்கும் உண்டு. வெளியிலிருந்து பார்த்து எது எது என்று பிரித்துச் சொல்ல நம்மால் முடியாது. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

ஆகவே அடிபட்டோ விழுந்தோ இருந்தால், எவ்வளவு குடித்திருந்தாலும் சரி, மருத்துவமனைதான். திரும்பத் திரும்ப வாந்தி, ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாவது, காதிலோ மூக்கிலோ தண்ணீர் போலவோ ரத்தமாகவோ வடிவது, வலிப்பு, தட்டினாலும் எழாமல் இருப்பது – இதில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுப் போகாதீர்கள். வாந்தி மூச்சுக்குழாயில் போய் அடைத்துவிடும். தலையும் கழுத்தும் உடம்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சைக் கவனிக்க வேண்டும்.

● போதை பார்வையைக் குறுக்கிவிடுகிறது. கண்ணின் பார்வையைச் சொல்லவில்லை; மனத்தின் பார்வையை.

கிளாட் ஸ்டீல், ராபர்ட் ஜோசப்ஸ் என்ற உளவியலாளர்கள் 1990-ல் இதை விளக்கினார்கள். குடித்தவர் மனத்தில் மிக அருகில், மிக உரக்க இருப்பது மட்டும் பதியும். பின்விளைவு, மறுபக்க நியாயம், நாளைய காலை எதுவும் எட்டாது. தோளில் யாரோ இடித்தால் இடித்தது மட்டும் தெரியும். கூட்ட நெரிசலில் தெரியாமல் இடித்திருக்கலாம் என்ற எண்ணம் எழாது.

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு நடந்ததை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழ்நாட்டைச் சேர்ந்த தொழிலாளி ஒருவர் பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தார். வாரம் முழுக்க உழைத்துவிட்டு விடுமுறை நாளில் கூடியிருந்த தொழிலாளர்கள் திரண்டார்கள். அடிபட்டவர் கிடக்கும்போது பேருந்து ஊழியர்களை முதலில் காப்பாற்றிக் கொண்டுபோகிறார்கள் என்று கூட்டம் புரிந்துகொண்டது. அதற்குள் அவர் உயிர் போயிருந்தது அவர்களுக்குத் தெரியாது. கல்லும் பாட்டிலும் பறந்தன, போலீஸ் வாகனங்களும் ஓர் ஆம்புலன்ஸும் எரிந்தன. விசாரணைக் குழு விபத்தையும் இந்தத் தவறான புரிதலையும் சொல்லி, மதுவும் ஒரு காரணம் என்று பதிவு செய்தது. சிறை சென்றவர்களும் நாடு கடத்தப்பட்டவர்களும் பிழைப்புக்காக அங்கே போன தொழிலாளர்கள். அந்த ஓர் இரவுக் கோபத்துக்கு ஊரில் இருந்த அவர்கள் குடும்பங்கள் கொடுத்த விலை மிகப் பெரியது.

2015 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூரில் இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிப்பது குற்றம். அபராதம் 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வார இறுதி முழுக்கவே தடை உண்டு. அங்கே வேலைக்குப் போகும் தம்பிகள் போகும் முன்பே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

● ஒரு குவார்ட்டரில் எவ்வளவு சாராயம் இருக்கிறது? 180 மில்லியில் 42.8 சதவீதம் என்றால் ஏறக்குறைய 77 மில்லி. எடையில் சுமார் 60 கிராம். நம் கல்லீரல் ஒரு மணி நேரத்தில் எரிக்கக்கூடியது தோராயமாக 7 முதல் 10 கிராம். இரவு பத்து மணிக்கு முடித்த குவார்ட்டர் விடிகாலை வரை ரத்தத்தில் இருக்கும் என்பது இதிலிருந்தே தெரிகிறது. காலை ஐந்து மணிக்கு ‘தெளிஞ்சிருச்சு’ என்று பைக்கை எடுப்பவர், சட்டம் அனுமதிக்கும் 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டியே இருக்கக்கூடும்.

காபி, மோர், எலுமிச்சை, குளிர்ந்த தண்ணீரில் தலைக்குக் குளியல் – எதுவும் கல்லீரலின் இந்த வேகத்தைக் கூட்டாது. நேரம் ஒன்றுதான் மருந்து.

● கடைசி மடக்குக்குப் பிறகும் போதை ஏறும். வயிற்றில் இருப்பது ரத்தத்தில் முழுதாகச் சேர அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்வரை ஆகலாம். அதாவது பாரைவிட்டு வெளியே வந்து, வண்டிக்காகத் தெருவில் நிற்கும் நேரத்தில்தான் பலருக்குப் போதை உச்சம். சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் ஏறும் வேகம் குறையும். ஆனால் குடித்தது இல்லாமல் போய்விடாது.

● எனர்ஜி டிரிங்க் கலந்து குடிப்பவருக்குத் தூக்கம் வராது. ஆனால் போதை அப்படியே இருக்கும். களைப்பு தெரியாததால் மேலும் குடிப்பார், நிதானமாக இருப்பதாக நம்புவார். கஃபீன் கலந்து விற்ற மது பானங்களுக்கு எதிராக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010-ல் நான்கு நிறுவனங்களை எச்சரித்தது. அவை சந்தையிலிருந்து மறைந்தன. ஆனால் மேசையில் நாமே கலந்துகொள்வதை எந்த நிர்வாகமும் தடுக்க முடியாது.

● சண்டை வரும் பாரை முன்கூட்டியே அடையாளம் காண முடியும். கனடாவில் கேத்ரின் கிரஹாம், ஆஸ்திரேலியாவில் ராஸ் ஹோமல் ஆகிய ஆய்வாளர்கள் தங்கள் குழுவினரை இரவு நேரங்களில் மதுக்கூடங்களில் உட்கார வைத்துக் குறிப்பெடுக்கச் செய்தார்கள். திரும்பத் திரும்ப அகப்பட்டவை சில: நகர இடமில்லாத நெரிசல், காற்றோட்டமின்மை, அழுக்கு, மணிக்கணக்கில் காத்திருக்க வைக்கும் சேவை, தள்ளாடுகிறவருக்கும் ஊற்றிக்கொடுக்கும் ஊழியர்கள், அடிப்பதற்கென்றே நிற்பது போன்ற பவுன்சர்கள். கதவு, கழிவறை வாசல், பணம் கட்டும் இடம் போன்ற மூலைகளில் ஆளோடு ஆள் உரசுவது அதிகம். உரசல்தான் பல சண்டைகளின் விதை.

உள்ளே நுழைந்ததும் ஒரு நிமிடம் சுற்றிப் பாருங்கள். தள்ளாடும் ஒருவருக்கு இன்னொரு ரவுண்டு போகிறது என்றால் அந்த இடத்தில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் சுவரோரம், வெளிவாசல் தெரியும்படி. இடித்துவிட்டால் யார் தப்பு என்று பார்க்காமல் ‘சாரி அண்ணா’ என்று சொல்லி நகருங்கள். அதில் மானம் போவதற்கு ஒன்றுமில்லை.

ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் 1990-களின் பிற்பாதியில் பார் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, போதை முற்றியவருக்கு ஊற்றக் கூடாது என்ற சட்டத்தையும் இறுக்கிப் பிடித்தார்கள். இரவு 10 முதல் காலை 6 வரையிலான வன்முறைக் குற்றங்கள் 29 சதவீதம் குறைந்தன. குடிப்பவர்கள் அதே ஆட்கள்தான். ஊற்றிக் கொடுக்கும் முறைதான் மாறியது. குடிகாரன் குணம் அப்படித்தான் என்று கைகழுவும் பேச்சை நான் ஏற்காததற்கு இந்த ஒரு சான்று போதும்.

● கடையை எப்போது மூடுகிறோம் என்பதே எத்தனை பேர் அடிபடுவார்கள் என்பதை மாற்றும்.

ஆஸ்திரேலியாவில் 1916 முதல் பல மாநிலங்களில் மாலை 6 மணிக்கே மதுக்கூடங்களை மூடச் சொன்னார்கள். ஐந்து மணிக்கு வேலை முடிந்தவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தமட்டும் குடித்துவிட்டு மொத்தமாகத் தெருவுக்கு வந்தார்கள். கடைசியாக 1967-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் அந்த விதி போனது. மறுபக்கம், விடிய விடியத் திறந்து வைப்பதும் உதவவில்லை. நார்வேயில் 18 நகரங்களை ஆராய்ந்தபோது, மூடும் நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளினால் வன்முறை சுமார் 16 சதவீதம் கூடியது; முன்னே கொண்டுவந்தால் அதே அளவு குறைந்தது. பிரேசிலில் சாவ் பாவ்லோ அருகே டயடெமா நகரம் 2002-ல் இரவு 11 மணிக்கு பார்களை மூடச் சொன்னதும் கொலைகள் கிட்டத்தட்ட 44 சதவீதம் குறைந்தன.

சிட்னியில் 2014 பிப்ரவரியில், இரவு 1.30-க்கு மேல் புதிதாக யாரையும் உள்ளே விடக் கூடாது, 3 மணிக்கு மேல் ஊற்றக் கூடாது என்றார்கள். கிங்ஸ் கிராஸில் தாக்குதல்கள் பெரிதும் குறைந்தன. சற்றுத் தள்ளியிருந்த பகுதிகளில் கொஞ்சம் கூடின. இசைக் கலைஞர்களும் கடைக்காரர்களும் தொழில் போனது என்று கொதித்தார்கள். 2021-க்குள் அந்த விதிகள் பெரிதும் தளர்த்தப்பட்டன. முதலில் சொன்ன அந்த இரண்டு இளைஞர்களும் அடிபட்டது அவ்வளவு பின்னிரவில் அல்ல, ஒன்பது பத்து மணி வாக்கில் என்பதையும் எதிர்த்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அது நியாயமான கேள்வி. ஆபத்து நள்ளிரவுக்குப் பிறகுதான் தொடங்கும் என்று நாமும் நம்பிவிடக் கூடாது.

நம் ஊரில் டாஸ்மாக் கடைகள் இரவு 10 மணிக்கு மூடுகின்றன. ஒரே நேரத்தில் எல்லோரும் வெளியே வருகிறார்கள். ஆட்டோவுக்கும் பிரியாணிக் கடைக்கும் ஒரே கூட்டம். அரை மணி முன்னதாகவே கிளம்பிவிடுங்கள். வண்டி வந்த பிறகு வெளியே வாருங்கள். பயண விவரத்தை வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட்டு ஏறுங்கள்.

● வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் ஜொனாதன் ஷெப்பர்ட் என்ற முகத்தாடை அறுவை மருத்துவர் பணியாற்றினார். கிழிந்த கன்னங்களையும் உடைந்த தாடைகளையும் தைத்துத் தைத்து அவர் ஒன்றைக் கவனித்தார்: தன்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் போலீஸுக்குப் போவதே இல்லை. எங்கே சண்டை நடக்கிறது என்பது போலீஸைவிட மருத்துவமனைக்குத்தான் அதிகம் தெரியும்.

அவசரப் பிரிவின் பதிவு மேசையில் சில கேள்விகள் சேர்க்கப்பட்டன. எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எதனால் அடிபட்டது? பெயரை நீக்கிவிட்டு அந்தத் தகவல் போலீஸுக்கும் நகராட்சிக்கும் போனது. எந்த மதுக்கூட வாசலில் எந்த நேரத்தில் போலீஸ் நிற்க வேண்டும், எந்தத் தெருவில் வாகனப் போக்குவரத்தை நிறுத்தி நடப்பவர்களுக்கு இடம் விட வேண்டும், எங்கே கண்ணாடிக் குவளைக்குப் பதில் பிளாஸ்டிக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அதிலிருந்து வந்தன. அடிதடிக் காயத்தால் மருத்துவமனையில் சேர்க்கப்படுவோர் எண்ணிக்கை, ஒத்த மற்ற நகரங்களோடு ஒப்பிட்டால், 42 சதவீதம் குறைந்ததாக 2011-ல் வெளியான ஆய்வு சொன்னது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் இந்த முறையைப் பரப்பிவருகிறது.

நம் அரசு மருத்துவமனைகளில் அடிபட்டு வருபவருக்கு ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவு போடுகிறார்கள். வழக்குக்குப் போகும் அந்தத் தாளில் உள்ள இடத்தையும் நேரத்தையும் மட்டும் மாவட்டவாரியாகத் தொகுத்துப் பார்த்தாலே எந்த பார், எந்தக் கிழமை என்று தெரிந்துவிடும். செலவு அதிகமில்லை. சுகாதாரத் துறை இதைச் செய்ய வேண்டும்.

● ‘தெருவில் அடித்துக்கொன்றாலும் ஒருத்தன் கேட்க மாட்டான்’ என்கிறோம். ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் நகரங்களின் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 தெருச் சண்டைகளை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். பத்தில் ஒன்பது சண்டைகளில் வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவராவது தலையிட்டிருந்தார். கூட்டம் கூடக் கூட உதவி கிடைக்கும் வாய்ப்பும் கூடியது. 2019-ல் வந்த முடிவு இது. இருட்டுச் சந்தைவிட ஆள் நடமாட்டமுள்ள தெரு ஏன் பாதுகாப்பு என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

விலக்கிவிடும்போது ஒன்றை மறக்காதீர்கள். நம் ஆளின் இரண்டு கைகளையும் பின்னாலிருந்து கட்டிப் பிடிக்காதீர்கள். எதிராளி அடித்தால் அவரால் தடுக்க முடியாது. எதிராளியிடம் நியாயம் பேசவும் போகாதீர்கள். நம் ஆளைத் திருப்பி, நடத்தி, கண்ணில் படாத தூரத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். கை விரிந்திருக்கட்டும், குரல் தாழ்ந்திருக்கட்டும், எட்டி அடிக்க முடியாத இடைவெளி இருக்கட்டும். கத்தியோ உடைந்த பாட்டிலோ தெரிந்தால் விலகி நின்று 112-ஐ அழைப்பதே உதவி.

● இங்கிலாந்தில் பல பார்களின் பெண்கள் கழிவறையில் ஒரு சுவரொட்டி இருக்கும். உடன் வந்தவரால் பயமாக இருந்தால், கவுன்ட்டரில் போய் ‘ஏஞ்சலா இருக்காங்களா?’ என்று கேட்டால் போதும். ஊழியர் புரிந்துகொண்டு பின்வழியாக வெளியே அனுப்பி வண்டி பிடித்துக் கொடுப்பார். 2016-ல் லிங்கன்ஷயர் மாவட்டத்தில் தொடங்கி வேறு நாடுகளுக்கும் பரவிய ஏற்பாடு. லண்டனுக்கோ சிட்னிக்கோ படிக்கப் போகும் மகளிடம் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

● 2003-ல் லண்டனின் பிரிக்ஸ்டனில் சில தேவாலயத் தொண்டர்கள் வார இறுதி இரவுகளில் தெருவில் நடக்கத் தொடங்கினார்கள். பையில் தண்ணீர், லாலிபாப், ரப்பர் செருப்பு. உயரக் குதிகால் செருப்பைக் கழற்றிவிட்டு, உடைந்த கண்ணாடி கிடக்கும் தெருவில் வெறுங்காலோடு நடக்கும் பெண்களுக்கு அந்தச் செருப்பு. இன்று பிரிட்டன் நகரங்கள் பலவற்றில் அவர்கள் இருக்கிறார்கள். உபதேசம் செய்யாமல் பக்கத்தில் நிற்பதற்கு இது நல்ல பாடம்.

● பிறர் பானத்தில் கள்ளத்தனமாகக் கலக்கப்படுவது மாத்திரைதான் என்று நினைக்கிறோம். அதிகம் கலக்கப்படுவது மதுவே: ஜூஸில் வோட்கா, சிங்கிள் கேட்டால் டபுள். குடித்த அளவுக்குப் பொருந்தாத மயக்கம் வந்தால் உடனே நம்பிக்கையானவரிடம் சொல்லுங்கள். சில மருந்துகள் 12 மணி நேரத்துக்குள் உடலைவிட்டுப் போய்விடும்; ரத்தமும் சிறுநீரும் சீக்கிரம் எடுக்கப்பட வேண்டும்.

● முகத்தில் குத்தியவனின் கை முட்டியில் எதிராளியின் பல் பட்ட சின்னக் கீறல் இருந்தால் அலட்சியம் கூடாது. வாய்க் கிருமி மூட்டுக்குள் போய் விரலையே இழக்க நேரலாம்.

● வெளியே நடக்காத சண்டை வீட்டில் நடக்கிறது. இங்கிலாந்து அணி உலகக் கோப்பைக் கால்பந்தில் தோற்ற நாட்களில் லங்காஷயர் பகுதியில் குடும்ப வன்முறைப் புகார்கள் 38 சதவீதம் கூடின. வென்றாலோ சமன் ஆனாலோகூட 26 சதவீதம் கூடின. 2002, 2006, 2010 கோப்பைகளை வைத்துச் செய்த கணக்கு இது. இந்த இரவுப் பாதுகாப்புப் பேச்சில் கதவுக்குப் பின்னால் இருக்கும் பெண்ணை விட்டுவிடுவது பெரிய குற்றம். அவருக்கான எண் 181, எந்த நேரமும் அழைக்கலாம்.

● ‘போதையில் செய்துவிட்டேன் ஐயா’ என்பது நீதிமன்றத்தில் நிற்காது. தானாக விரும்பிக் குடித்தவர், போதையில் இல்லாதவருக்கு இருந்திருக்கும் அறிவோடு செய்ததாகவே சட்டம் கொள்ளும். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 355-ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் போதையில் தொல்லை கொடுத்தாலே 24 மணி நேரம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, சமூக சேவையோ உண்டு. குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு.

● அடுத்த முறை கூட்டமாக வெளியே போகும் முன், அன்றைக்குக் குடிக்காமல் இருக்கப்போவது யார் என்று பேசி முடிவு செய்யுங்கள். எல்லோர் கைபேசியும் நிறையச் சார்ஜோடு இருக்கட்டும். வந்தவர்களை விட்டுவிட்டு யாரும் தனியாகக் கிளம்ப வேண்டாம். வீடு சேர்ந்ததும் குழுவில் ஒரு வரி போடச் சொல்லுங்கள். கடைசி ஆளின் அந்த ஒரு வரி வரும்வரை தயவுசெய்து தூங்கப் போகாதீர்கள்.